மடக்கி வைத்த கண்ணாடி

சைக்கிள்காரர்கள் உரசிவிட்டுப் போகிறார்கள் என்று, கடைத்தெருவில் காரை நிறுத்தியதுமே சற்குணம் சைடு கண்ணாடியை உள்பக்கம் மடக்கிவிடுவார். சாலையைப் பார்க்கவென்றே பிறந்த கண்ணாடிக்கு அதற்கப்புறம் அவர் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அன்றும் அப்படித்தான். அவர் இறங்காமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு மணிச்சத்தம் நெருங்கி வந்தது.

"கதவைத் திறந்துடாதீங்கண்ணே!" என்று கத்தியது சைக்கிள். "பின்னாடியே பஸ் வருது, ஒதுங்க இடமில்ல!"

"ஒன்வேயில எதிர்ல வருவீங்க, சிக்னல்ல நிக்கமாட்டீங்க. இப்ப எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டியா?" என்று சீறியது கார்.

"அதை அப்புறம் திட்டிக்கலாம்!" என்று பதறியது கண்ணாடி. "ஐயா போனை வச்சுட்டாரு, இறங்கப் போறாரு. கதவைப் பூட்டிக்கோ!"

"யாருக்காக? உன்னைக் கீறினவனுக்காகவா?" என்றது கார்.

கதவு படாரென்று திறந்தது. சைக்கிள் சரிந்து விழுந்தது, பஸ் கிரீச்சிட்டு நின்றது. கண்ணாடிக்குச் சத்தம்தான் கேட்டது. "நல்லவேளை, உயிர் இருக்குப்பா" என்றார் யாரோ.

சற்குணம் வெடுக்கென்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியே கத்தினார்.

"யோவ், பாத்து வரமாட்டியா?"

கண்ணாடியில் அவர் முகம் மட்டும்தான் இருந்தது.