சாலட் யார் செய்தது?

உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வறுத்த கோழி பாதி காலி. கீரையும் சோளரொட்டியும் போன இடம் தெரியவில்லை. பல்கலைக்கழகத்துக்காரர்களின் அலுமினியத் தட்டில் இருந்த சாலட் மட்டும், மேலே தூவிய சிவப்புப் பொடி கலையாமல் அப்படியே இருந்தது.

தேவாலய ஊழியரான டீக்கன் ஹோசியா முள்கரண்டியால் அதன் ஓரத்தைக் கிளறி, வெள்ளைக்காரர்கள் போடுவதுபோல் உலர்திராட்சை கிடக்கிறதா என்று தேடினார்.

"யாரு பண்ணது இது?" என்று கேட்டாள் மோஸெல்.

அந்த ஊரில் இதைக் கேட்காமல் யாரும் சாலட் சாப்பிட மாட்டார்கள். யார் வீட்டு அடுப்படியில் பூனை உலாத்துகிறதோ, யார் கை கழுவாதவர்களோ, யார் கண்டது.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் விட்லாக் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வெள்ளை முகம் மலர்ந்துவிட்டது.

"எல்லாரும் சேர்ந்து பண்ணதுதாம்மா. நம்ம ஆராய்ச்சி மாதிரியே."

போச்சு. மோஸெலின் தட்டு கோழிப் பக்கம் நகர்ந்தது.

மேசைக்குப் பின்னால் நின்ற ஆர்டீலியாவுக்கு அந்த மனிதரை நாலு திட்டு திட்டலாம் போலிருந்தது. அவரை இங்கே கூட்டிவந்தவளே அவள்தான். அவள் தம்பி லெமுவேல் வாரத்தில் பாதி நாள் ரத்தம் சுத்தம் பண்ணும் இயந்திரத்தோடு கிடக்கிறான். இந்தத் தெருக்களில் சிறுநீரகம் கெட்டவன் இல்லாத கறுப்பர் வீடே இல்லை. ஏன் என்று கண்டுபிடிக்கலாம் என்றார் டாக்டர். எதை ஆராய்வது, எடுத்த ரத்தம் எங்கே போகும், முடிவை முதலில் யாருக்குச் சொல்வது, எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே தீர்மானிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, அவரைச் சம்மதிக்க வைத்தவள் ஆர்டீலியா.

இன்று இவர்கள் ரத்தம் கொடுக்கக் கை நீட்டவில்லை என்றால் ஆராய்ச்சி வேறு ஊருக்குப் போய்விடும்.

இவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பாக்கள் காலத்தில் ஒரு வண்டி வந்தது. குழாய் குழாயாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன கண்டார்கள் என்று இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை.

கூடத்தின் மூலையில் நர்ஸ் ஊசிகளை அடுக்கிவைத்துக் காத்திருந்தாள். அவளுக்கு எதிரே இருந்த நாற்காலி காலி.

சாலட்டைச் செய்தது ஆர்டீலியா. வேண்டுமென்றேதான் அவர்களுடைய தட்டில் வைத்து, வாயைத் திறக்காமல் இருந்தாள். தன் பெயர் இல்லாமலே சாப்பிட்டுவிட்டால், அந்த நாற்காலிக்கும் தானாகவே போய்விடுவார்கள் என்று ஒரு கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை.

"நான்தான் பண்ணேன்" என்றாள்.

"அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி?" என்று மோஸெல் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுக்கொண்டாள். பின்னாலேயே டீக்கன். அவருக்குப் பின்னால் வரிசை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டின் அடி தெரிந்தது.

டாக்டர் நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மோஸெல் வாயைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"உன் கையை நம்பித்தான் தின்னேன். அதுலயும் ஒக்காந்துடறேன். ஏண்டி, நீ ரத்தம் குடுத்தப்ப ரொம்ப வலிச்சுதா?"

சந்தேகமே இல்லாமல்தான் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஆர்டீலியாவின் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

ரத்தம் எடுக்க நர்ஸ் கூப்பிட்டபோதெல்லாம் ஆர்டீலியாவுக்கு அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தது. அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். இதுவரை ஊரில் யாரும் கேட்டதில்லை. அதனால் பொய் சொல்ல வேண்டியும் வந்ததில்லை.

அவள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கோழி இன்னும் இருக்கு. யாருக்கு வேணும்?"

மோஸெல் அந்தச் சட்டைக் கையைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.