பாக்கெட்டில் ஓர் அளவுச் சீட்டு

பெருமாள்மலையில் தையல் கடை வைத்திருந்த தேவசேனாவுக்கு முதலில் புருஷன் மேல்தான் சந்தேகம் வந்தது. செவ்வாய்க்கிழமை யாரோ ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனது ஒரே ஒரு சாம்பல் ஜெர்கின். புதன்கிழமை காலையில் கம்பியில் நான்கு தொங்கின. பள்ளிச் சீருடைக்கு வாங்கி வைத்திருந்த சாம்பல் துணியில் பாதியைக் காணோம்.

"எனக்குத் தெரியாம யாருக்குத் தச்சீங்க?"

"வெள்ளனே வம்புக்கு வராத. நான் மிஷின் பக்கமே போகல" என்றான் ஜெயமுருகன்.

நர்சிங் படிக்கும் மகள் தாரணி மூலையில் உட்கார்ந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "வைரஸுன்னா வெளிய ஒரு உறை, உள்ள ஒரு குறிப்பு, அவ்வளவுதான். தானாத் திங்காது, வளராது. உயிருள்ள செல்லுக்குள்ள நுழைஞ்சா, அதை வேலை வாங்கியே தன்னை மாதிரி நெறைய செஞ்சுக்கும்."

தேவசேனா ஜெர்கின் பாக்கெட்டுகளைத் துழாவினாள். நான்கிலும் அதே அளவுச் சீட்டு இருந்தது. ஒன்று யாருடைய கையெழுத்தோ. மற்ற மூன்றும் அவளுடைய கையெழுத்து. அவள் விரல் நுனியில், எப்போது குத்தியது என்றே நினைவில்லாத ஊசிக் காயம் ஒன்று இன்னும் ஆறவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கம்பி காலியாக இருந்தது.

"நாலு பேரு வந்து ஆளுக்கொண்ணா வாங்கிட்டுப் போனாங்க" என்றான் ஜெயமுருகன்.

சாயங்காலம் தமிழ்மதி போன் செய்தாள். முன்பு இவளிடம் வேலை பார்த்தவள், இப்போது பேத்துப்பாறையில் தனியாகத் தைக்கிறாள்.

"அக்கா, ஜிப்பு மாத்த ஒரு சாம்பல் ஜெர்கின் வந்திருக்கு. பாக்கெட்டுல உங்க கையெழுத்துல சீட்டு கெடக்கு."

"அங்க மிஷின் ஓடுற சத்தம் கேக்குதே, யாரு தைக்கிறா?"

"சத்தமா? நான் மட்டும்தானேக்கா இருக்கேன்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.