கோட்டுக்கு இந்தப் பக்கம்

“நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லவேணும் பேனாட். ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது,” என்றார் கிறிஸ்துநாயகம்.

பள்ளிக்கூட மண்டபத்தில் பெற்றோர் வந்து குந்தியாயிற்று. மேசையில் கோப்பியும் கேக்கும். சுவரில் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துப் பெரிய வரைபடம். அதன் நடுவே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. பழைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள். அதனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் விடுமுறை முடிந்ததும் புதிய பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று ஏற்பாடு. கிறிஸ்துநாயகத்தின் தெரு அந்தப் பக்கத்தில் அகப்பட்டிருந்தது.

பேனாட் அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரிலிருந்து இங்கே வந்து சில கிழமைகள்தான். துணி ஆலையில் கிறிஸ்துநாயகத்துக்குப் பக்கத்து மெசினில் வேலை. தனக்கு டேனிஷ் ஓரளவு ஓடும் என்று வாய் தவறிச் சொன்னதுதான் பிழை. ‘மகளின்ர பள்ளிக்கூட அலுவல்’ என்று மனிதர் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் இதே கதைதான்.

“ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் நான் நடந்து பாத்தனான். மழைக்கையும் பாத்தன், பனிக்கையும் பாத்தன். பழையதெண்டா பூங்காவுக்குள்ளால போகலாம். புதுசுக்கு அந்தப் பெரிய றோட்டைக் கடக்கவேணும். லொறி வாற வேகம் தெரியும்தானே? என்ர பிள்ளை பராக்குப் பாத்து நடக்கிறவள். பூனையொண்டைக் கண்டா அதிலயே நிண்டிடுவள்.”

“அக்கா வரேல்லையே அண்ணை?”

“அவ எங்க வாறது.”

மனைவிக்குப் பின்னேர வேலையாக்கும் என்று பேனாட் நினைத்துக்கொண்டான்.

“பிள்ளைக்குப் பனிச் சப்பாத்து வேற,” என்றார் கிறிஸ்துநாயகம். “ஒவ்வொரு குளிருக்கும் ஒரு அளவு பெரிசா வாங்கவேண்டிக் கிடக்கு.”

தலைமையாசிரியர் நெடிய மனிதர். ஆறுதலாக எல்லாம் விளக்கி முடித்து, கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டார். அவர் வாயை மூடமுன்னமே கிறிஸ்துநாயகத்தின் கை உயர்ந்துவிட்டது.

“இந்தக் கோட்டைக் கீறினவன் பிள்ளை பெத்தவனோ எண்டு கேளும்.”

பேனாட் எழுந்து தொண்டையைச் செருமினான். இந்த எல்லையை எந்த அடிப்படையில் வகுத்தீர்கள் என்று அறிய இவர் விரும்புகிறார் என்றான். தலைமையாசிரியர் நீளமாகப் பதில் சொன்னார்.

“என்னவாம்?”

“வகுப்புக்குள்ள கதிரை போட இடமில்லையாம். கோடு அவர்தான் கீறினவராம்.”

“பிள்ளை இருக்காமோ?”

“அதைப் பற்றிச் சொல்லேல்லை அண்ணை.”

“நீர் கேட்டனீரோ?”

“கேட்டமாதிரித்தான்.”

கிறிஸ்துநாயகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நேரே வரைபடத்துக்குப் போனார். பெரிய றோட்டில் விரலை வைத்துக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“பார்ன் லீல. பீல் ஸ்டோர்,” என்றார்.

பிள்ளை சின்னன், கார் பெரிசு. ஆலையில் தேவைப்படும் சொற்களை விட்டால் அவருக்குத் தெரிந்த டேனிஷ் அவ்வளவுதான். இலக்கணம் ஒன்றும் அதில் இல்லை. பேனாட் வெட்கத்தில் கோப்பிக் கோப்பைக்குள் முகத்தை விட்டான்.

மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி ஊசிகளை மடியில் வைத்தாள். அவர் சொல்வது சரி, என் மகனும் அந்த றோட்டைத்தான் கடக்கவேண்டும் என்றாள். பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். பிறகு வரிசையாகத் தலைகள் ஆடின. அதுவரை கேக் தின்பதில் மும்முரமாக இருந்தவர்களெல்லாம் பேசத் தொடங்கினார்கள்.

கடைசியில் தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். பெரிய றோட்டின் மேலேயே புதுக் கோடு கீறினார். இந்தப் பக்கம் முழுவதும் பழைய பள்ளிக்கூடத்துக்கு. இடம் போதாவிட்டால் ஆசிரியர்கள் கோப்பி குடிக்கும் அறையை வகுப்பாக்கலாம் என்றார். ஆசிரியர்களைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பளிப் பெண் பெரிய துண்டுக் கேக் ஒன்றை வெட்டிக் கிறிஸ்துநாயகத்தின் கையில் கொடுத்தாள். தலைமையாசிரியரும் வந்து கைகொடுத்தார்.

“உங்கட மகள் எத்தினையாம் வகுப்பெண்டு கேக்கிறார் அண்ணை,” என்றான் பேனாட் பெருமையோடு. “அவளின்ர ரீச்சருக்கு நாளைக்கே சொல்லிவிடுறாராம்.”

கிறிஸ்துநாயகம் வாயில் இருந்த கேக்கை விழுங்கினார்.

“ரெண்டாம் வகுப்பெண்டு சொல்லும், மன்னாரில. தாயையும் பிள்ளையையும் இங்க கூப்பிடக் குடுத்த விண்ணப்பம் கோப்பன்ஹேகனில வருசக்கணக்காக் கிடக்கு. எண்டைக்கோ ஒரு நாள் விடுவாங்கள்தானே, அண்டைக்கு இடமில்லையெண்டு இவரும் சொல்லிப்போடக்கூடாது.”