மனு மாஸ்டர்

“சார், மனு கொடுத்தா மார்க் மாறுமா?” என்று ஆறு வயதில் தும்பி ஒருமுறை கேட்டாளாம். “கட்டாயம் மாறும்” என்றாராம் அவளுடைய பயிற்சியாளர்.

அன்றிலிருந்து அவர் மனு கொடுக்காத ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியே கிடையாது. நடுவர்கள் அவருக்கு வைத்த பெயர், மனு மாஸ்டர்.

அன்றைய தரைப் பயிற்சிப் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது. பலகையில் தும்பி 12.40, மூன்றாவது இடம். தலையில் எப்போதும் சிவப்பு ரிப்பன் கட்டும் இன்னொரு பெண்ணுக்கு 12.35, நான்காவது இடம். முதல் மூன்று பேருக்குத்தான் பதக்கமும் அணியில் இடமும்.

நடுவர்கள் அறையில் அந்த ரிப்பன் பெண்ணின் அக்கா கண் கலங்க நின்றிருந்தாள். தங்கைக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவள்தான்.

“அந்தத் தும்பி கடைசியா குதிச்சப்ப கால் கோட்டுக்கு வெளிய போச்சு மேடம். எதிர்ப்பக்கம் நின்னாலும் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு 0.10 மார்க் குறைக்கணும்ல?”

“நான் கொடியே தூக்கலையேம்மா!” என்றார் கோட்டு நடுவர். கால் வெளியே போனால் கொடி தூக்குவதுதான் அவர் வேலை. வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். கேமராவில் அந்த மூலையே விழவில்லை.

தலைமை நடுவர் அம்மாள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார். “குடிம்மா முதல்ல. உன் பிள்ளை மார்க்கைப் பத்தி நீ எழுதிக் கொடுக்கலாம். அடுத்தவங்க பிள்ளை மார்க்கைப் பத்திக் கேட்க விதியில இடமே இல்லை.”

“அப்போ தப்பு தப்பாவே இருக்கட்டுமா மேடம்? அடுத்த வருஷம் என் தங்கச்சி வயசு தாண்டிருவா. இதான் அவளுக்குக் கடைசி.”

அக்கா இரண்டு மிடறு குடித்துவிட்டு, பாட்டிலை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் ‘யாருக்கும் அநியாயம் செய்யாத கண்ணைக் கொடு’ என்று வேண்டிக்கொள்வது அம்மாளின் வழக்கம். இன்று அந்த வேண்டுதல் எங்கேயோ நழுவிப்போனதுபோல் இருந்தது அவருக்கு.

கதவு படாரென்று திறந்தது. கையில் காகிதத்தோடு மூச்சு வாங்க வந்து நின்றார் மாஸ்டர்.

“வாங்க வாங்க! இன்னும் உங்களைக் காணோமேன்னு தவிச்சுப் போயிட்டோம்” என்றார் கோட்டு நடுவர்.

“மனு கொடுக்க நேரம் இருக்கா?”

“இருக்கு, அம்பது செகண்ட். ஏன் சார், மூணாவது வந்தும் மனசு நிறையலையா? ரெண்டாவது பிள்ளை 12.45. எட்டிப் பிடிச்சிரலாம்னு பார்க்கறீங்களா?”

மாஸ்டர் காகிதத்தை அம்மாளின் முன்னால் வைத்தார்.

“வெளிய ஒரு பொண்ணு அழுதுட்டுப் போகுது. இந்த நேரத்துல உங்களுக்கு மனு கேக்குதா மாஸ்டர்?” என்றார் அம்மாள், அதைத் தொடாமலேயே.

“என் பிள்ளை மார்க் மேடம். நான் கேட்கலாம்ல?”

விதி விதிதான். அம்மாள் பெருமூச்சு விட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு காகிதத்தைக் கோட்டு நடுவர் பக்கம் தள்ளினார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“இவ்வளவு உறுதியா எழுதியிருக்கீங்களே, நீங்க பார்த்தீங்களா?” என்றார் அம்மாள்.

“நான் எங்க மேடம் பார்த்தேன்! அவ கடைசியா குதிக்க ஓடினாலே கண்ணை இறுக மூடிட்டு சாமி கும்பிடற ஆளு நான்.”

“அப்புறம் யாரு சொன்னா?”

மாஸ்டர் கொஞ்சம் விலகி நின்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால், தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு தும்பி நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“கோட்டைத் தாண்டினது என் காலு மேடம். எனக்குத் தெரியாதா?”