ஐஸ் பெட்டி தரிசனம்

ஒரு சொட்டு விழுந்தது.

அடுத்த சொட்டுக்கு அவள் வெகுநேரம் காத்திருந்தாள்.

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். அதன் அடியில் மண்சட்டி. சட்டித் தண்ணீருக்குள் பால் செம்பு.

தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். குளிர்ச்சி போய்விட்டிருந்தது.

காய்ச்சல் வந்து எழுந்ததிலிருந்து அவளுக்குத் தாய்ப்பால் இல்லை. பால்காரர் காலையில் மட்டும்தான் வருவார். குழந்தைக்குச் சாயங்காலமும் பசிக்கும். தூத்துக்குடி வெயிலில் காய்ச்சிய பாலே மத்தியானம் தாண்டாது.

நேற்றுவரை தாண்டியது.

சுவருக்கு அந்தப் பக்கம், பின்கட்டை அவளுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் கோமதிநாயகம். சுங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறாதது கோட்டு மட்டும். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன ஐஸ் பெட்டியை ஏலத்தில் எடுத்து, கூடத்தில் சாமி படங்களுக்குக் கீழே வைத்திருந்தார்.

தேக்குப் பெட்டி. உள்ளே தகரம். பித்தளைக் கைப்பிடி.

தினமும் காலையில் மரத்தூளில் புரண்டு ஒரு ஐஸ் பாளம் வரும். துறைமுகத்தில் மீனுக்கு வெட்டுகிற பாளம். அந்த வீட்டில் மீன் என்று வாயால்கூடச் சொல்லமாட்டார்கள். அதனால் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

உருகிய தண்ணீர் கூடத்தில் தேங்கினால் கௌரவக் குறைச்சல். சுவரைத் துளைத்துக் குழாய் வைத்தார். கௌரவம் அந்தப் பக்கம் நின்றது. தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது.

பெட்டிக்குள் ஒரு வெள்ளரிக்காயும் சில எலுமிச்சம்பழங்களும். எடுத்துச் சாப்பிட யாருக்கும் அனுமதி இல்லை.

பெட்டி, பார்ப்பதற்கு.

பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் வந்தார். தர்மகர்த்தா வந்தார். சம்பந்தி வந்தார். சம்பந்திக்குச் சம்பந்தியும் வந்தார். ஒவ்வொருவருக்கும் கதவு அகலத் திறந்தது.

"கைய உள்ள விடும்வே! சும்மா விடும். இமயமலைவே, இமயமலை!"

கதவு திறந்திருக்கத் திறந்திருக்க, பாளம் உருகும். இந்தப் பக்கம் குழாய் சொட்டும்.

சம்பந்திக்குச் சம்பந்தி பெரிய சந்தேகப் பேர்வழி. அவர் வந்த அன்று குழாய் ஓடவே செய்தது. இருட்டிய பிறகும் பால் திரியவில்லை. யாரென்று தெரியாத அந்த மகராசனை அவள் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வாசலில் காணும்போதெல்லாம் வீட்டுக்காரரையும் கும்பிடுவாள். கோட்டுக்கு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இன்று யாரும் வரவில்லை. ஊரே பார்த்து முடித்துவிட்டது போலிருக்கிறது.

தூளியில் குழந்தை புரண்டது.

முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்கட்டுக்குப் போனாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் கோட்டு.

"அண்ணாச்சி, ஊரெல்லாம் வந்து பாத்துட்டுப் போவுது. பக்கத்துல கெடக்க நான் இன்னும் பாக்கலியே."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

கைப்பிடி திரும்பியது. குளிர் அவள் முகத்தில் வந்து மோதியது.

துரையைச் சொன்னார். ஏலத்தைச் சொன்னார். தேக்கைத் தட்டிக் காட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் ஆச்சரியப்பட்டாள். பாதி நிஜமாகவே. இமயமலைக்குள் கையும் விட்டாள்.

சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்தது. அவர் கை கதவுக்குப் போயிற்று.

இன்னும் என்ன கேட்கலாம் என்று அவள் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

அடுக்களை வாசலில் அவர் சம்சாரம் செண்பகம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவள் பார்வை பெட்டிக்கு அடியில் போனது. சுவருக்குள் நுழையும் குழாயில் நின்றது. பிறகு இவள் முகத்துக்கு வந்தது.

இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏட்டி, நல்லா முன்னால வந்து நில்லு," என்றாள் செண்பகம். கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க. கதவ மூடாமச் சொல்லுங்க. அப்பத்தான் அவளுக்கு வெளங்கும்."