பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம்

கத்தரியின் சத்தம் நின்றது.

மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்த பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து பெரிய டாக்டரின் குரல் வந்தது.

"கட்டி நினைச்சதைவிடப் பெருசா இருக்கு. கர்ப்பப்பையையே எடுத்துடலாம். வெளியில அவங்க வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வாங்க சிஸ்டர்."

ஆபரேஷன் மேஜைமேல் விழித்தபடி படுத்திருந்த டீச்சருக்கு வயிற்றைக் கலக்கியது என்று சொல்ல முடியாது. முதுகில் போட்ட ஊசியில், மார்புக்குக் கீழே எதுவுமே அவளுடையதாக இல்லை. பயம் முழுவதும் தொண்டைக்கு வந்து அடைத்தது.

கட்டியை மட்டும் எடுங்கள், பை இருக்கட்டும், இன்னும் ஒரு பிள்ளைகூடப் பிறக்கவில்லை என்று நேற்றே வார்டில் சொல்லியிருந்தாள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று பெரிய டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"டாக்டர்..."

"பேசாதீங்கம்மா" என்றது துணி.

வகுப்பில் நாள் முழுக்க அவள் சொல்லும் வார்த்தை.

தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "ரொம்பப் படபடக்குது சார். தூங்க வெச்சிடட்டுமா?"

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டால், எழும்போது எல்லாம் முடிந்திருக்கும். நல்ல பிள்ளை மாதிரி கூரையைப் பார்த்தாள்.

வெளியே இருப்பவரை நினைத்தால்தான் குலை நடுங்கியது. டாக்டர் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. தும்மலுக்கு ஊசி என்றாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்பார். கேள்வி முடியும் முன்பே "சரிங்க டாக்டர்" வந்துவிடும்.

கதவு திறந்து மூடியது.

"என்ன சொன்னார்?" என்றது துணி.

சிஸ்டர் மேஜை வரை நடந்து வந்தார். அந்த இடைவெளியில் டீச்சர் எல்லாவற்றையும் இழந்து முடித்திருந்தாள்.

"டாக்டர், 'அவ முழிச்சுதானே இருக்கா, அவளையே கேளுங்க'ங்கறார். சொல்லிட்டு, தப்பா சொல்லிட்டேனான்னு என்னையே கேக்கறார்."



துணியின் விளிம்பு இறங்கியது. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள். அவளுக்கு ஒரு முகம் இருப்பதே இப்போதுதான் தெரிந்ததுபோல அவை பார்த்தன.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்தாள். கேட்டதும்தான், உள்ளே என்ன இருக்கிறதென்றே தனக்குத் தெரியாது என்று உறைத்தது.

"உள்ள என்ன பார்த்தீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

"சொன்னா பயந்துடுவீங்கம்மா."

"அது எப்பவோ ஆச்சு டாக்டர். சொல்லுங்க."