சிமிட்டாத முகம்

ஆண்டர்சன்பேட்டையில் ஆன்லைன் மனு போட்டுத்தரும் கடையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள் வெங்கடம்மா. விவசாயிகளுக்கு வரும் அரசாங்க உதவிப் பணம் அவளுக்கு மட்டும் நின்றுபோயிருக்கிறது. ஆள் இருப்பதை மறுபடி பதிய வேண்டுமாம். நர்சரியில் தக்காளி நாற்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். பணம் வந்தால்தான் எடுக்க முடியும். செடிக்கறை ஏறித் தேய்ந்த அவள் விரல்களைக் கைரேகை மெஷின் ஏற்கவில்லை. அதனால் கடைக்காரன் கிரண் அவள் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்திருக்கிறான். திரையில் அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "கண்ணைச் சிமிட்டுங்கக்கா," என்கிறான் மறுபடியும். அவள் சிமிட்டவில்லை. தெருவில் பஸ் ஒன்று திரும்புகிறது; பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைட் மண்மேட்டிலிருந்து வந்து படிந்த வெள்ளைத் தூசி எழும்பிக் கடைக்குள் வீசுகிறது. கிரண் கண்ணைக் கசக்குகிறான். வாசலில் காத்திருப்பவர்களும் கசக்குகிறார்கள். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, இமை மட்டும் அசையவில்லை. கல்யாணத்தில் எடுத்த படத்தில் அவள் கண்ணை மூடியபடி பதிந்துவிட்டாள். புருஷன் வீட்டில் இன்றைக்கும் அதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். "மூடினா படம் செத்தவ மாதிரி விழும்பா," என்கிறாள், உதட்டை அசைக்காமல். கிரண் போனைத் தாழ்த்துகிறான். "இது படம் இல்லக்கா. மூடித் தெறந்தாதான் நீங்க உயிரோட கீறீங்கன்னு இது நம்பும்." வெங்கடம்மா போனை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறாள். "இன்னா கூத்துப்பா இது," என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கிறாள். வட்டம் பச்சையாகிறது. "ஆயிடுச்சுக்கா, எழுந்திரிங்க," என்கிறான் கிரண். எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் இன்னொரு தடவை சிமிட்டுகிறாள்.